முன்வாசல் வழியாகப் போன ஊழியக்காரர்

செல்லதுரை சாரிடம் நான் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகம். அவர் கண்காணிப்பாளர், நான் அவருக்குக் கீழே உதவியாளர். முதுகு வளையாத ஆள் என்று அவரைப் பற்றி ஆபீசில் சொல்வார்கள். சிலர் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் எரிச்சலோடு. மேலதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினால் மற்றவர்கள் வாசல்வரை ஓடுவார்கள். இவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார், அவ்வளவுதான். பியூனிடம் தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கச் சொல்லமாட்டார். அடுத்தவர் பையை இவர் தூக்கியும் யாரும் பார்த்ததில்லை.

அவருடைய ஊர் மேலத்தோப்பு. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே காலனி, காலனிக்கு நடுவில் சின்னதாக ஒரு சர்ச். அதில் அவர் சபைச் செயலாளர். ஞாயிறு தவறாமல் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். ஆனால் பாவ அறிக்கை ஜெபத்துக்குச் சபை முழுக்க முழங்கால் போடும்போது அவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். ஜெபத்தில் 'உமது அடியேன்' என்று வருகிற இடத்தில் 'உமது பிள்ளை' என்று மாற்றிச் சொல்லிக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் மனைவி கயல்விழியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. புதிதாக வந்த போதகர் ஒருவர் முழங்கால் விஷயத்தை மெதுவாகக் கேட்டிருக்கிறார். பிள்ளை என்று கூப்பிட்டவர் முன்னால் பிள்ளை மாதிரி நிற்கிறேன், அதில் என்ன தவறு என்று இவர் திருப்பிக் கேட்டார். போதகர் அதோடு விட்டுவிட்டார்.

காரணம் இருந்தது. திருவையாறு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது ஒரு தரம் அவரே என்னிடம் சொன்னார். அவருடைய அப்பா மாசிலாமணி ஊர்ப் பண்ணை வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். கூலிக்காரராவது அன்றன்றைக்குக் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பண்ணையாள் குடும்பத்தோடு அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டவர். ஒரு நாள் மாசிலாமணி மடையை அடைக்க மறந்துவிட்டார். நாற்றங்காலில் தண்ணீர் ஏறி நாற்று அழுகிவிட்டது. பண்ணை வீட்டுக் கொல்லைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய் மண்ணில் குப்புற விழுந்து கிடந்தார். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி உள்ளே போய்ச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் போகச் சொன்னார். கொல்லைப் படலுக்கு வெளியே நின்று பையன் செல்லதுரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா அவனுக்கு முன்னால் நடந்து போனாராம். நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

அந்த மண்தான் தன் மனதில் நின்றுபோனது என்று சொன்னார்.

மிச்சக் கதையில் பெரும்பகுதி கயல்விழி டீச்சர் சொன்னது. அவர் பக்கத்து ஊர் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகச் சிரிப்பார், நன்றாகச் சண்டையும் போடுவார். இருவருக்கும் ஒரே மகள் செம்மொழி, சென்னையில் வேலை.

சார் ஓய்வு பெற்ற மறு வருஷம் டீச்சருக்குப் புதுச் செருப்பு கடித்துக் காலில் புண் வந்தது. சர்க்கரை வெகு நாளாகவே இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் புண் ஆழமாகப் போனதே தெரியவில்லை. தஞ்சாவூரில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தினமும் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும் என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ரிஃப்கா என்ற நர்ஸ் கொஞ்ச நாள் வந்தாள். சின்னப் பெண், நாகூர்க்காரி, கையில் அவ்வளவு பதம். பிறகு அவளுக்கு வேறு ஊர்களும் சேர்ந்துகொண்டன. தினம் வர முடியாது, வீட்டில் யாராவது கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். வீட்டில் சாரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ரிஃப்கா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். கையுறை எப்படிப் போடுவது, சலைன் ஊற்றி எப்படிக் கழுவுவது, துணியை எவ்வளவு இறுக்கிச் சுற்றுவது எல்லாம் காட்டினாள்.

"கறுப்பா தெரிஞ்சாலோ, நாத்தம் அடிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ நீங்க கை வைக்காதீங்க சார். நேரா ஆஸ்பத்திரிதான்."

கட்டுப் போட வேண்டுமானால் டீச்சர் கட்டிலில் உட்கார வேண்டும், சார் தரையில் முழங்கால் போட வேண்டும். வேறு வழியே இல்லை. முதல் நாள் ஸ்டூல் போட்டுப் பார்த்தார், எட்டவில்லை. டீச்சரின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார், டீச்சருக்கு வலித்தது. கடைசியில் பாய் விரித்து முழங்கால் போட்டார். டீச்சர்தான் கூச்சப்பட்டார். புருஷன் தன் காலைப் பிடிப்பதா என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார், செம்மொழியை லீவு போட்டு வரச் சொல்லலாம் என்றார். அவள் எத்தனை நாளைக்கு வருவாள் என்று சார் ஒரே அதட்டல் போட்டார்.

கட்டுப் போட்டதும் அப்படித்தான். ஆபீசில் ஃபைல் பார்க்கிற மாதிரி. காலை நீட்டு, ஆட்டாதே, அடுத்தது எடு, முடிந்தது. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ டீச்சர் அழுதுவிட்டார். சார் என்ன என்று கேட்டதற்கு இப்படிச் சொன்னாராம்:

"புண்ணு வலிக்கலங்க. நீங்க கோவமா செய்யுறீங்க பாருங்க, அதுதான் வலிக்குது. என் மேல கோவமா, தரையில உக்கார்றதுல கோவமா?"

சார் கட்டை முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். அதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. சூடு போதுமா என்றார். துணியை எடுக்கும்போது, எங்கே பிடிக்கிறது, நிறுத்தட்டுமா என்றார். டீச்சர் நிறுத்துங்கள் என்றால் நிறுத்தினார், ம் என்றால் தொடர்ந்தார். டீச்சருக்குக் கொஞ்ச நாளில் இது பிடித்துப்போய், வேண்டுமென்றே இரண்டு தரம் நிறுத்தச் சொல்வாராம். கல்யாணமானதிலிருந்து தன் சொல்லுக்கு இந்த மனுஷர் காத்திருந்து பார்த்ததில்லை, கிடைத்த வாய்ப்பை விடுவானேன் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்படி ஒரு காலையில், அழுக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, சாரின் கை சட்டென்று நின்றது. தரையிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று டீச்சர் பயந்து தோளைத் தொட்டார். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இதுதான்:

"கயலு, பெரிய வியாழனுக்கு வருஷா வருஷம் அந்தப் பகுதிய நான்தான் வாசிக்கிறேன். ஆண்டவர் சீஷங்க காலைக் கழுவுனாருன்னு. நான் எப்பவும் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கவங்க பக்கத்துலேருந்துதான் அத யோசிச்சுருக்கேன். தரையில இருந்தவரு பக்கத்துலேருந்து யோசிச்சதே இல்ல."

சுருட்டிய துணியை ஓரமாக வைத்துவிட்டு, "அவரு யாருக்கும் பயந்துக்கிட்டு குனியல இல்ல?" என்றார்.

டீச்சருக்கு அவருடைய அப்பா கதை தெரியும். மற்றக் காலையும் நீட்டினார். அதில் நகம் வெட்ட வேண்டியிருந்தது.

புண் ஆற மூன்று நாலு மாதம் ஆனது. அதற்குள் காலனியில் செய்தி பரவிவிட்டது. சர்க்கரைப் புண் இல்லாத தெரு இப்போது எங்கே இருக்கிறது? முதலில் எதிர்வீட்டு ராமாயி வந்தார், நடவுக்கு இறங்கிச் சேற்றில் ஏதோ குத்தி ஆறாத கால். பிறகு அடுத்த தெரு. சாருக்கு மறுப்பதற்குக் காரணம் தெரியவில்லை. ரிஃப்காவிடம் சொல்லி, அவள் பார்த்துச் சரி என்றவர்களுக்கு மட்டும் கட்டுப் போட ஆரம்பித்தார். வயர்கூடை ஒன்றில் சலைன் பாட்டில், துணி, பிளாஸ்டர், கையுறை. அதை மொபெட்டின் முன்னால் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் பத்து மணிக்குத் திரும்புவார். யாராவது கும்பிட்டால் சங்கடப்படுவார். காலை ஆட்டாமல் இருந்தால் போதும் என்பார்.

இதுவரை எல்லாம் சுலபமாகத்தான் போனது. ஆனால் அந்த மார்கழியில் பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்தது.

வந்தது வேறு யாருமில்லை, அந்த வீட்டு மங்களாம்பிகை அம்மாளே வந்தார். இப்போது பண்ணை என்று பெயர்தான் இருக்கிறது. நிலம் பல கைக்குப் போய்விட்டது, மிச்சமிருப்பதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். மகன் சதீஷ் துபாயில். அந்தப் பெரிய வீட்டில் மங்களாம்பிகையும் அவர் கணவர் தியாகேசனும் மட்டும். அன்றைக்கு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மாசிலாமணியைப் போகச் சொன்னவரின் மகன்தான் தியாகேசன். அவருக்குக் குதிகாலில் புண். தஞ்சாவூரிலிருந்து ஆள் வைத்தார்கள், நின்றுவிட்டார். மங்களாம்பிகைக்குக் கை நடுங்குகிறது. ஆட்டோவில் வந்து இறங்கியவர் சாரிடம் பேசாமல் டீச்சரிடம்தான் பேசினார். டீச்சர் நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். அவர் மறுக்காமல் குடித்தார். அந்தக் காபியை அவர் குடித்ததே காலனியில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

சார் மரியாதையாகவே மறுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், அதுதான் நல்லது என்றார். அந்த அம்மாள் போன பிறகு டீச்சரும் இவர் செய்தது சரி என்றுதான் சொன்னார். அந்த வாசலில் நீங்கள் குனிய வேண்டாம், உங்கள் அப்பா குனிந்தது போதும் என்றார்.

அந்த வாரம் சாரால் ஜெபம் பண்ண முடியவில்லை. இதை அவரே எனக்குச் சொன்னார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும், என்னை உபயோகப்படுத்தும் ஆண்டவரே என்று கேட்டுவந்தவர். இப்போது அந்த வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் நின்றுவிட்டது. அப்போது அவருக்கு என் ஞாபகம் வந்ததாம். ஆபீசில் ஒரு தரம், வம்பு பிடித்த தபாலாக என் சீட்டுக்கு வருகிறது, அதை வேறு சீட்டுக்கு மாற்றுங்கள் என்று அவரிடம் முறையிட்டேன். "உங்க சீட்டுக்கு வர்ற தபாலை நீங்க பொறுக்கி எடுக்க முடியாது. வேலைன்னா வர்றதுதான்" என்று திருப்பி அனுப்பினார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் அசாத்தியக் கோபம்.

"உங்ககிட்ட அவ்வளவு தைரியமா சொன்னேன்" என்றார். "ஆண்டவருக்கு மட்டும் நான்தான் தபால் பிரிச்சு அனுப்பிக்கிட்டு இருந்தேன். இது எனக்கு, இது எனக்கு வேணாம்னு. பிள்ளை பிள்ளைன்னு சொல்லி, உள்ளுக்குள்ள அவருக்கே சூப்பிரண்டெண்டா இருந்திருக்கேன் போல."

ஒரு திங்கட்கிழமை காலையில், காலனியைச் சுற்றி முடித்த பிறகு, மொபெட்டைப் பண்ணை வீட்டுப் பக்கம் திருப்பினார். டீச்சரிடம் மட்டும் சொல்லிக்கொண்டார். டீச்சருக்குச் சம்மதமில்லை. ஆனாலும் கூடையில் துணி குறைவாக இருப்பதைப் பார்த்து ஒரு கட்டு எடுத்து வைத்தார்.

பண்ணை வீட்டுக்குக் கொல்லை வழி ஒன்று இருக்கிறது. காலனியிலிருந்து போனால் அதுதான் கிட்டம். சார் ஊரைச் சுற்றிக்கொண்டு தெருவழியாகப் போய், முன்வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் போனார். தியாகேசன் சாய்வு நாற்காலியில் இருந்தார். சார் எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். ரிஃப்காவுக்குப் போன் போட்டுப் பேசினார். அதற்கு அப்புறம்தான் தரையில் துண்டை விரித்து முழங்கால் போட்டார்.

தியாகேசன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குப் பேசத் தெரியவில்லை. காலனி ஆளை 'நீங்க' என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஓய்வு பெற்ற அதிகாரியை 'நீ' என்றும் சொல்ல முடியாது. அதனால் இரண்டும் விழாத மாதிரியே பேசினார். "வந்தாச்சா?" என்பார். "காபி சாப்பிடலாமே" என்பார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றதோ?" என்பார். இந்த வித்தை தஞ்சாவூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். சாருக்கும் புரிந்தது. காபியைச் சாப்பிட்டார், கட்டுப் போட்டார், வந்தார். தினமும் இப்படியே நடந்தது.

காலனியில் சலசலப்பு எழுந்தது. சேரன் என்று ஒரு வக்கீல், சாரே பரிந்துரைக் கடிதம் கொடுத்துக் காலேஜில் சேர்த்துவிட்ட பையன், சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டான், நாம் அந்தக் கொல்லையிலிருந்து வெளியே வர ஒரு தலைமுறை ஆனது, நீங்கள் மறுபடி அந்த வீட்டு வேலைக்குப் போகிறீர்களா என்று. சார் கோபப்படவில்லை. நீ கேட்பது சரியான கேள்விதான் தம்பி, எனக்கும் முழுசாகப் பதில் தெரியவில்லை என்றார். சேரன் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாரும் அவனை ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை.

அந்தப் பதில் சில வாரம் கழித்து வந்தது. அன்றைக்குப் பண்ணை வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, தியாகேசன் நல்ல மனதோடுதான் சாரின் அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தார். மாசிலாமணியைத் தனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது என்றார். சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவாராம்.

"ரொம்ப விசுவாசமான ஆளு. அந்த மாதிரி மனுஷங்க இப்ப எங்க?" என்றார்.

சார் துணி சுற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"எங்கப்பா விசுவாசமா இருக்கலைங்க. பயந்துக்கிட்டு இருந்தாரு. இந்த வீட்டுக் கொல்லையில அவரு மண்ணுல குப்புறக் கிடந்தத நான் பார்த்திருக்கேன். அதுக்குப் பேரு விசுவாசம் இல்ல."

கதவோரம் நின்ற மங்களாம்பிகை உள்ளே போய்விட்டார். தியாகேசனுக்கு முகம் வெளிறிவிட்டது. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், சார் விடவில்லை. சுற்று இன்னும் பாக்கி இருந்தது.

"அப்புறம் எதுக்கு இங்க தினம் வர்றது?" என்று கேட்டார் தியாகேசன்.

சார் பிளாஸ்டரை ஒட்டினார். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். தரையில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உங்களுக்கு வேலை செய்ய வரல. என்னை வேற ஒருத்தர் அனுப்புறாரு. அவருக்கு நான் அடியேன். அவரு போன்னா போவேன், எந்த வீடுன்னு கேக்கறது என் வேலை இல்ல. நாளைக்கே அவரு வேணாம்னா நின்னுருவேன். அதனாலதான் எனக்கு இங்க குனியறதுல வெக்கம் இல்ல, பயமும் இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டார். வெளியே வந்து மொபெட்டை எடுத்தபோதுதான் என்ன வார்த்தை தன் வாயில் வந்தது என்று அவருக்கே உறைத்தது. ஐம்பது வருஷமாகச் சர்ச்சில் விழுங்கிவந்த வார்த்தை. வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பின்னால் தியாகேசன் தடியை ஊன்றிக்கொண்டு நிலைப்படிவரை வந்திருந்தார். அவர் நடக்கக் கூடாது.

"நாளைக்கு வருவீங்களா?" என்றார்.

"வருவேங்க. நீங்க போய் உக்காருங்க, கட்டு அவுந்துரும்."

சமாதானம் அவ்வளவுதான். தியாகேசன் மன்னிப்புக் கேட்கவில்லை. சாரும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றி இருவரும் மறுபடி பேசவே இல்லை. 'நீங்க' மட்டும் நிலைத்தது. பங்குனியில் புண் ஆறியது. பிறகு சதீஷ் வந்து அப்பா அம்மாவைக் கொஞ்ச நாள் துபாய்க்கு அழைத்துப் போனான். திரும்பி வந்தபோது சாருக்கு ஒரு பெட்டி கையுறை வாங்கி வந்தார்கள். அளவு சிறிசு, சாரின் கைக்குப் போதவில்லை. ரிஃப்காவுக்குக் கொடுத்துவிட்டார்.

சர்ச்சில் சார் இப்போதும் முழங்கால் போடுவதில்லை. இப்போது காரணம் வேறு. தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து மூட்டுத் தேய்ந்துவிட்டது, காலையில் அவ்வளவு தடவை குனிந்ததற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையும் குனிந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்கிறார். ஜெப வார்த்தை மட்டும் மாறிவிட்டது என்று டீச்சர் சொன்னார். 'உமது பிள்ளை' என்பதை அவர் விடவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறாராம். வரி நீண்டுபோய், சபை ஆமென் சொல்லும்போது இவர் குரல் பின்னால் தனியாக வருகிறதாம்.

போன மாதம் மேலத்தோப்புக்குப் போயிருந்தேன். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது, ரோடு முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். சார் என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டு, பழைய ஆபீஸ் ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தார். பாதிப் பேச்சில் போன் வந்தது. அறுப்பு மெஷின் ஓட்ட வந்த சேலத்துக்காரர் யாருக்கோ காலில் வெட்டு. சார் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டார். வெட்டுக்காயம் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், கட்டிவிட்டு நானே கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டீச்சர் எனக்குச் சோறு போட்டார். செம்மொழியின் குழந்தைக்குப் பல் முளைத்த படத்தைப் போனில் காட்டினார். சார் திரும்ப இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கை கால் கழுவிக்கொண்டு வந்து, ஆறிப்போன சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்றார். சொல்லிக்கொண்டே சோற்றை அள்ளிச் சாப்பிட்டார். நல்ல பசி போலிருக்கிறது.